மோக்காவும் வேம்பார்க் கருப்பட்டியும்

மோக்கா என்னும் பானத்தைக் குறித்து விளாத்திகுளத்தில் இருந்துகொண்டு எழுதப் புகுவது, கம்மங்கூழைக் குறித்து மிலான் நகரத்திலிருந்து ஒருவர் எழுதுவதைப் போன்றது என்று நண்பர்கள் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். வைப்பாற்றங்கரையில், மிளகாய் வற்றலும் சீமைக்கருவேலங்கரியும் லாரி ஏறுகிற ஓர் ஊரில், எஸ்பிரஸ்ஸோக் காப்பியில் சாக்லேட்டைக் கரைத்துக் குடிக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் ஆறேழு ஆண்டுகளாக இருந்து வருகிறது. பெங்களூரில் ஒரு காப்பிக்கடையில் வேலை பார்த்த மருமகன் பொங்கலுக்கு வந்தபோது கொண்டுவந்து வைத்த அலுமினியக் கெண்டி ஒன்றே அதற்கு மூலம். எங்களில் ஒருவர் பித்தளை வடிகட்டியின் கட்சி. மற்றவர் கெண்டியின் கட்சி. இருவருக்கும் தமிழே பிழைப்பு என்பதால் சண்டை பெரும்பாலும் சொற்களைப் பற்றியதாக முடிந்துவிடுகிறது. (காப்பிக்குக் 'குழம்பி' என்று ஒரு தனித்தமிழ்ச் சொல் உண்டு. வகுப்பில் அதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். கடையில் போய்க் கேட்கும் துணிவு இன்றுவரை எங்கள் இருவருக்கும் வந்ததில்லை.)

முதலில் அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்வோம். இன்று நகரத்துக் காப்பிக்கடைகளில் மோக்கா என்றால் எஸ்பிரஸ்ஸோவும் பாலும் சாக்லேட்டும் சேர்ந்த பானம். ஆனால் மோக்கா என்பது ஓர் ஊரின் பெயர். ஏமன் நாட்டில், செங்கடற்கரையில் இருக்கும் துறைமுகம். அங்கே சாக்லேட்டும் கிடையாது, காப்பித் தோட்டமும் கிடையாது. எங்கள் வேம்பாரைப் போல, சிப்பிகுளத்தைப் போல வெயிலும் மணலும் உப்புக்காற்றும் கொண்ட கரை அது. காப்பி விளைந்தது உள்நாட்டு மலைகளில். ஒட்டகத்தில் இறங்கி வந்த காப்பிக்கொட்டை மோக்காவில் கப்பலேறியது. பதினேழாம் நூற்றாண்டிலும் பதினெட்டின் தொடக்கத்திலும் உலகம் குடித்த காப்பியில் பெரும்பகுதி அந்தத் துறைமுகத்தின் வழியாகவே போனது. எனவே ஐரோப்பியருக்கு மோக்கா என்றாலே காப்பி என்றாயிற்று. ஏமன் காப்பிக்கு இயல்பாகவே சாக்லேட்டை நினைவூட்டும் ஒரு பின்சுவை உண்டு. அதனால்தான் பிற்காலத்தில் சாக்லேட் கலந்த காப்பிக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது என்று விளக்கம் சொல்வார்கள்.

பிறகு டச்சுக்காரர் ஜாவாவில் காப்பி பயிரிட்டனர். பிரெஞ்சுக்காரர் கரீபியத் தீவுகளுக்குக் கொண்டுபோயினர். 1839இல் ஆங்கிலேயர் ஏடனைப் பிடித்துக்கொண்டபின் கப்பல்கள் அங்கே ஒதுங்கின. மோக்கா சிறுத்துச் சிறுத்து மீன்பிடி ஊர் என்று சொல்லும்படி ஆயிற்று. ஊர் போனது, பெயர் மட்டும் உலகத்துக் கடைகளின் விலைப்பட்டியல்களில் பத்திரமாக இருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வாசகரைக் கேட்டுக்கொள்கிறோம். பின்னால் தேவைப்படும்.

நம் நாட்டுக் காப்பியும் அந்தத் துறைமுகத்துக்குக் கடன்பட்டதே. பதினேழாம் நூற்றாண்டில் பாபா புடன் என்னும் சூஃபி ஹஜ் சென்று திரும்புகையில் மோக்காவிலிருந்து ஏழு காப்பிக்கொட்டைகளை மறைத்துக் கொண்டுவந்து சிக்மகளூர் மலையில் ஊன்றினார் என்பது வழிவழி வந்த கதை. கதையை நம்பினால், கும்பகோணம் டிகிரிக் காப்பி என்று பெருமையோடு குடிக்கிறோமே, அதுவும் ஒருவகையில் மோக்காதான்.

எஸ்பிரஸ்ஸோவின் வரலாறு இவ்வளவு பழையதன்று. மிலானைச் சேர்ந்த லூயிஜி பெட்சேரா 1901இல் நீராவி அழுத்தத்தால் காப்பி இறக்கும் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். இரண்டாம் உலகப்போருக்குப் பின் அக்கிலே காஜ்ஜியாவின் நெம்புகோல் பொறி வந்த பிறகே, இன்று எஸ்பிரஸ்ஸோவின் மேல் ஏடுபோல் மிதக்கும் பொன்னிற நுரை உண்டாயிற்று. எங்கள் வீட்டுக் கெண்டி 1933இல் அல்ஃபோன்சோ பியாலெட்டி உருவாக்கிய எட்டுமுக வடிவம். அதற்கு அவர் வைத்த பெயரும் மோக்காவே. காப்பியோடு சாக்லேட்டைச் சேர்ப்பது இவை எல்லாவற்றுக்கும் முந்திய பழக்கம். இத்தாலியின் தூரின் நகரத்தில் 1763இல் தொடங்கிய ஒரு காப்பிக்கடை, காப்பி, காய்ச்சிய சாக்லேட், பால் மூன்றையும் அடுக்கடுக்காக ஊற்றிய கண்ணாடிக் குவளைக்குப் பெயர்பெற்றது. பிச்செரின் என்பார்கள். சிறு குவளை என்பதே அதன் பொருள். நாம் 'ஒரு தம்ளர் குடுங்க' என்பதுபோல.

நிற்க. சாக்லேட் போட்ட எஸ்பிரஸ்ஸோவை நாங்கள் முதன்முதலில் குடித்தது பொருட்காட்சியில். எங்கள் தலைமுறையில் பலருக்கும் அது அப்படித்தான் இருந்திருக்கும். பொருட்காட்சியிலும், திரையரங்கு இடைவேளையிலும், கொஞ்சம் வசதியான கல்யாண வரவேற்பிலும், பளபளக்கும் ஒரு கொதிகலன் நிற்கும். ஒருவர் தகரக் குவளையில் பாலை ஏந்திக் குழாயில் பிடிப்பார். 'புஸ்ஸ்' என்ற பேரிரைச்சல். நுரை பொங்கிவரும் காப்பியின் தலையில் சாக்லேட் தூளை ஒரு சிட்டிகை தூவிக் கொடுப்பார். அதன் பெயர் எஸ்பிரஸ்ஸோ. அதில் எஸ்பிரஸ்ஸோ ஒரு துளியும் இல்லை. சீனியும் உடனடிக் காப்பித்தூளும் பாலும் நீராவியும் மட்டுமே இருந்தன. ஆனாலும் அந்த இரைச்சலுக்காகவே வரிசையில் நின்றோம். நுரை மூக்கில் ஒட்டியதை உடனே துடைத்துவிடாமல் நடந்தவர்களும் உண்டு.

ஆக, மோக்காவில் சாக்லேட் இல்லை. பொருட்காட்சி எஸ்பிரஸ்ஸோவில் எஸ்பிரஸ்ஸோ இல்லை. கரிசல் காட்டுக்காரருக்கு இதில் வியப்பென்ன? சுக்குக் காப்பியில் காப்பி கிடையாது. சுக்கு, மல்லி, மிளகு, கருப்பட்டி, வெந்நீர். அதைக் காப்பி என்று சொல்லிக் குடித்தே இங்கே தலைமுறைகள் வளர்ந்திருக்கின்றன. காப்பி என்பது ஒரு கொட்டையின் பெயராக அல்லாமல், சூடாகவும் கறுப்பாகவும் இருக்கும் எதற்கும் பெயராகிவிட்டது.

இதைக் கிராமத்து அறியாமை என்று ஒதுக்கிவிட இயலாது. காப்பி தமிழ்நாட்டில் வெறும் பானமாக ஒருபோதும் இருந்ததில்லை. ஆ.இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' நூலில், காப்பி நவீனத்தின் அடையாளமாகவும் நடுத்தர வர்க்கத்தின், குறிப்பாகப் பிராமணர்களின், அந்தஸ்தாகவும் ஆன கதையை விரித்துச் சொல்லியிருக்கிறார். தேநீர் உழைப்பாளிகளின் பானமாகத் தாழ்ந்து நின்றது. எங்கள் வட்டாரத்தில் இந்தப் படிக்கட்டுக்கு இன்னும் சில படிகள் உண்டு. உச்சியில் பால் காப்பி, விருந்தாளிக்கு உரியது. அதற்குக் கீழே சீனி போட்ட கடுங்காப்பி. அதற்கும் கீழே கருப்பட்டிக் கடுங்காப்பி. வீட்டாளுக்கும், களை எடுக்க வந்தவர்களுக்கும். யாருக்கு எந்தக் காப்பி என்பதோடு, யாருக்கு எதில் காப்பி என்ற இன்னொரு கணக்கும் இருந்தது. பித்தளைத் தம்ளரா, கண்ணாடிக் குவளையா, கடை வாசலில் தனியே கவிழ்த்து வைத்த குவளையா, சிரட்டையா என்பதைப் பார்த்தே குடிப்பவரின் தெருவைச் சொல்லிவிடலாம். கரிசல் கதைகளை வாசித்தவர்களுக்கு இது புதிதல்ல. கருப்பட்டிக் காப்பியை மண்வாசனை என்று இன்று சிலாகிப்பவர்கள், அந்தச் சிரட்டையை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறார்கள் என்பதற்காகச் சொல்கிறோம்.

இனி எங்கள் மோக்காவுக்கு வருவோம்.

காப்பிக்கும் சாக்லேட்டுக்கும் பொருத்தம் அமைவது தற்செயல் அல்ல. இரண்டும் பழத்துக்குள் இருக்கும் விதைகள். கோகோ விதையைச் சதையோடு குவித்து ஐந்தாறு நாள் புளிக்கவைக்காவிட்டால் சாக்லேட்டின் மணமே வராது. காப்பிக்கொட்டையின் வழுவழுப்பை நீக்கவும் புளித்தலே பெரும்பாலும் உதவுகிறது. பின்பு இரண்டும் காய்ந்து, வறுபட்டுப் பழுப்பேறுகின்றன. சர்க்கரையும் புரதக்கூறுகளும் வெப்பத்தில் கூடிப் பழுப்பேறும்போது பிறக்கும் மணம் இரண்டுக்கும் பொது. கருப்பட்டியும் இந்தக் குடும்பத்தில் சேர்ந்ததே. பதனீர் பெரிய தாச்சியில் மணிக்கணக்கில் கொதித்துப் பாகாகும்போது நடப்பது அதே பழுப்பேறல். ஆனால் ஒரு வேறுபாடு. கோகோ புளித்தாக வேண்டும். பதனீர் புளித்துவிடக் கூடாது. புளித்தால் கள். அதற்காகவே பாளையில் கட்டும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுகிறார்கள். சீனி வெறும் இனிப்பு. கருப்பட்டியிலோ கசப்பின் சாயலும் உப்பின் சாயலும் புகையும் இருக்கின்றன. எனவே சீனி போட்ட மோக்காவில் சாக்லேட் ஒரு பக்கமும் காப்பி ஒரு பக்கமும் நிற்க, கருப்பட்டி போட்டதில் மூன்றும் கைகோத்துக்கொள்கின்றன. வடிகட்டிக் கட்சிக்காரரும் இதை மட்டும் ஒப்புக்கொண்டுவிட்டார்.

செய்முறை எளிது. தண்ணீர்தான் முதல் தடை. எங்கள் ஊர் நிலத்தடி நீர் உவர். அதில் எந்தக் காப்பியும் எடுபடாது. முன்பு வைப்பாற்று மணலில் ஊற்றுத் தோண்டி அகப்பையால் கோரி எடுத்த நீருக்கு ஒரு ருசி இருந்தது. இப்போது கேன் தண்ணீர். கெண்டியின் கீழறையில் அதன் பக்கவாட்டில் உள்ள சிறு அடைப்பானுக்குக் கீழ்வரை நீர். மூன்று பேருக்கான கெண்டிக்குப் பதினைந்து கிராம் காப்பித்தூள், சிக்கரி இல்லாதது, வடிகட்டிக்கு அரைப்பதைவிடச் சற்று நைசாக. அழுத்தித் திணிக்கக் கூடாது. அடுப்பு சிறு தீயில். மேலறையில் தேன்போல் கசிந்து வந்து, பின் களகளவென்று சத்தம் எழுந்தவுடன் இறக்கிவிட வேண்டும். அதற்கு மேல் வருவது கருகலும் கசப்பும். உண்மையான எஸ்பிரஸ்ஸோவுக்கு ஒன்பது வளிமண்டல அழுத்தம் வேண்டும். கெண்டி தருவது ஒன்றரை. ஆதலால் இதையும் எஸ்பிரஸ்ஸோ என்று சத்தியம் செய்ய மாட்டோம். பொய்ப்பெயர் வரிசையில் எங்கள் பங்குக்கும் ஒன்று இருக்கட்டும்.

இன்னொரு அடுப்பில் எலுமிச்சையளவு கருப்பட்டியை அரைத் தம்ளர் நீரில் கரைத்துக் கொதிக்கவைத்துத் துணியில் வடிகட்ட வேண்டும். மண்ணும் சுண்ணாம்பும் அடியில் தங்கும். இனிப்பில்லாத கோகோத்தூள் இரண்டு தேக்கரண்டி. அதில் கொழுப்பு இருப்பதால் நேராகக் கொட்டினால் கட்டி கட்டியாக மிதக்கும். கொஞ்சம் சூடான பாகில் முதலில் குழைத்து, பிறகு மீதிப் பாகை ஊற்றி ஒரு நிமிடம் கொதிக்கவிட்டால் கரும்பட்டுப்போல் பளபளப்பு வரும். அதில் காப்பி. கடைசியாக, தனியே காய்ச்சிய பால். கருப்பட்டியோடு பாலைச் சேர்த்துக் கொதிக்கவிட்டால் திரிந்துபோகும் என்பது எங்கள் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். கருப்பட்டிக் காப்பி பெரும்பாலும் கடுங்காப்பியாகவே இருந்ததற்கு வறுமை மட்டுமே காரணம் அன்று. இதுவும் ஒரு காரணம்.

கோகோ எங்கோ ஆப்பிரிக்காவிலிருந்து வருவது என்று நினைக்க வேண்டியதில்லை. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புகளின் நிழலில் இன்று விளைகிறது. அதற்கும் முன்னால், 1798இலேயே ஆங்கிலேயர் இந்தியாவில் முதன்முதலாகக் கோகோவை நட்டுப் பார்த்த இடம் குற்றாலம். விளாத்திகுளமும் 1986 வரை திருநெல்வேலி மாவட்டம்தான். அந்தச் செடிகள் பெருகிப் பரவியிருந்தால் எங்கள் பாட்டிமார் சுக்குக் காப்பியில் கோகோவை இடித்துப் போட்டிருக்கவும் கூடும். மறுத்துச் சொல்ல ஆளில்லை.

கருப்பட்டிக்கு நாங்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. எங்கள் வட்டத்திலேயே இருக்கும் வேம்பார், கருப்பட்டிக்குப் பெயர்போன ஊர். ஆனால் இப்போது கோவில்பட்டி நெடுஞ்சாலையில் எந்தப் பக்கம் போனாலும் 'கருப்பட்டிக் காப்பி' என்ற பலகை தென்படுகிறது. விளைச்சலைவிடப் பலகைகள் வேகமாகப் பெருகுவது எப்படி என்ற ஐயம் எங்களுக்கு இருந்தது. வழியில் ஒரு கடையில் வாங்கிய கருப்பட்டியிலும், வேம்பாரில் தெரிந்தவர் வழியாக வந்த கருப்பட்டியிலும் தனித்தனியே மோக்கா செய்து பார்த்தோம். வேறுபாடு புரிந்தது, தீர்ப்புச் சொல்ல எங்கள் நாக்குக்குத் தகுதி போதவில்லை.

அந்த வாரம் எங்கள் முதுகலை மாணவர் ஒருவர் நூல் வாங்க வீட்டுக்கு வந்திருந்தார். வேம்பாருக்கு அருகில் ஒரு சிற்றூர், தந்தை பனையேறி. முன்பு இரண்டு முறை வந்தபோதும் கருப்பட்டிக் கடுங்காப்பி என்றதும், "வேண்டாம் மேடம், பால் காப்பி இருந்தாக் குடுங்க" என்றவர். நாங்களும் காரணம் கேட்டதில்லை. இம்முறை எதுவும் சொல்லாமல் இரண்டு குவளை மோக்காவை முன்னால் வைத்தோம். முதல் குவளையில் ஒரு வாய். கீழே வைத்துவிட்டார்.

"இது சீனிப்பாகு சார். நாக்குல நிக்காது."

இரண்டாவது குவளையில் ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய். சற்றுநேரம் குவளைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது போன வருசத்துக் கருப்பட்டி. அடுப்புக்கு மேல பரண்ல கெடந்திருக்கும். எங்க வீட்டுலயும் அப்படித்தான் வப்பாக. புகை ஏற ஏறக் கெடாது." பிறகு, யாரும் கேட்காமலே சொன்னார்: "பள்ளிக்கூடத்துல எம்மேல பாகு வாசனை அடிக்கும்னு பயலுவ தள்ளி உக்காருவானுங்க சார். அதான் நான் இதக் குடிக்கிறதில்ல."

குவளையை முழுதும் குடித்து முடித்தார். எங்களுக்குப் பேச ஒன்றும் இல்லை. சங்கப்பாடல்களில் பனை வரும் இடங்களை எல்லாம் அவருக்கு வகுப்பில் விளக்கியவர்கள் நாங்கள். பனையின் மணம் ஏறிய சட்டையோடு ஒரு பையன் எந்த வரிசையில் உட்கார நேரிடும் என்பதை எங்களுக்கு அவர்தான் விளக்க வேண்டியிருந்தது.

பின்னர் அவரே கணக்கையும் சொன்னார். ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏறக்குறைய பத்து லிட்டர் பதனீர் வேண்டும். பங்குனி, சித்திரையில் தொடங்கி ஆடி வரை ஒவ்வொரு மரத்திலும் காலையும் மாலையும் ஏற வேண்டும். மேலே பாளையைச் சீவ வேண்டும், கலயத்தை மாற்ற வேண்டும். கீழே தாய் விறகோடும் தாச்சியோடும் வேக வேண்டும். ஒரு நாள் ஏறாவிட்டால் பாளை காய்ந்துபோகும் என்பதால் நல்லது கெட்டதுக்குக்கூடப் போக முடியாது. சீனியின் விலை கருப்பட்டியின் விலையில் சிறு பங்கே. பாகில் பாதி சீனியைக் கொட்டிச் சிரட்டையில் ஊற்றினால் உருவம் ஒன்றுதான், நிறமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அப்படிச் செய்கிறவர்களோடு விலையில் போட்டியிட, கலப்படம் செய்யாத பனையேறியால் ஆகாது. ஆகவே கருப்பட்டிக் காப்பியின் புகழ் உயர உயர, கருப்பட்டி காய்ச்சுகிறவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். சாக்லேட்டோடு கலந்துவிட்டால் கலப்படத்தைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம். நாளை ஏதோ ஒரு நகரத்தில் 'வேம்பார் மோக்கா' என்று முந்நூறு ரூபாய்க்கு ஒரு குவளை விற்கப்படலாம். அதில் வேம்பாரிலிருந்து எதுவும் வந்திருக்காது. அந்தக் குவளையைப் பிடித்திருப்பவருக்கு வேம்பார் ஓர் ஊர் என்பதே தெரியாமலும் இருக்கலாம். ஏமன் துறைமுகத்துக்கு நேர்ந்தது அதுதானே.

பெயர் பிழைத்திருப்பதே பேறு என்று எங்களில் ஒருவர் சொல்ல, அடுப்பு அணைந்தபின் பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று மற்றவர் கேட்க, அன்றிரவு வடிகட்டிக்கும் கெண்டிக்குமான பழைய சண்டையைவிடப் பெரிதாக ஒன்று நடந்தது. அது இன்னும் முடிந்தபாடில்லை.

மாணவரின் தந்தை முன்பு நாற்பது மரம் ஏறியவர். "முழங்கால் தாங்கல சார். எங்க அய்யா இந்த வருசம் பன்னெண்டு மரந்தான் கட்டியிருக்காரு," என்றார். அண்ணன் சென்னையில் வண்டி ஓட்டுகிறார். தம்பிக்கு மரம் ஏறத் தெரியாது. ஏறக் கற்றுக்கொடுக்கத் தந்தைக்கும் விருப்பமில்லை. மாணவர் கல்லூரி விடுமுறையில் மட்டும் தாச்சியில் பாகு கிண்டித் தருகிறார். அவர்கள் வீட்டுக் கருப்பட்டியை நேராக நாங்களே வாங்கிக்கொள்வதாகச் சொன்னோம். வியாபாரி தருவதைவிட எவ்வளவு கூடுதலாகத் தருவது என்று பேசியபோது அவர் மிகவும் கூச்சப்பட்டார்.

ஆடி பிறப்பதற்குள் ஓலைக்கொட்டானில் ஆறு கிலோ வந்து சேர்ந்தது. நான்கைப் பரணில் ஏற்றினோம். எங்கள் வீட்டில் விறகடுப்பு இல்லாததால் அதற்குப் புகை ஏற வழியில்லை. மழைக்காலத்தில் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும். மீதி இரண்டிலிருந்து முதல் சிரட்டையை உடைத்து அன்று மாலையே மோக்கா செய்தோம். கோகோவை அரைத் தேக்கரண்டி குறைத்துப் போட்டோம்.